ரப்பர் பிடுங்கிய பென்சில்

புதுப் பென்சில் வாங்கி வந்ததும் டீச்சர் முதலில் தேடுவது குறடு. பென்சிலின் தலையில் இருக்கும் ரப்பரைக் குறட்டால் பிடித்து ஒரே திருகு, கழன்று வந்துவிடும். ரப்பர் குப்பைக்குப் போகும், மொட்டைப் பென்சில் கைப்பைக்குப் போகும். "அழிச்சுட்டா எங்க சறுக்கினோம்னே தெரியாமப் போயிடும். குறுக்க ஒரு கோடு போடு, பக்கத்துல சரியா எழுது. தப்பு அங்கயே கிடந்து நம்மள முறைச்சுப் பாக்கட்டும்." கணக்கு வகுப்பில் இதுதான் சட்டம். கரும்பலகையில் தானே தப்புப் போட்டாலும் அடித்துவிட்டுத்தான் எழுதுவார். மணி அடிக்கும்வரை டஸ்டரைத் தொடமாட்டார்.

இந்தப் பிடிவாதத்துக்கு இப்போது ஆபத்து வந்திருக்கிறது. பள்ளியில் மேல் வகுப்புக் கணக்குப் பிரிவு காற்றாடுகிறது. பிள்ளைகள் எல்லாம் வணிகப் பிரிவில் போய்க் குவிந்துவிட்டார்கள். நிர்வாகம் கூப்பிட்டுப் பேசிவிட்டது. பல்கலைக்கழகத்தில் பொருளியல், வணிகவியல் முதுநிலைப் பட்டயம் முடித்தால் அந்தப் பிரிவில் பாடம் எடுக்கலாம். முடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு வேலை இல்லை. அன்றிலிருந்து மாலையில் பள்ளி விட்டதும் நேரே பல்கலைக்கழகம். தன் பிள்ளை வயதுக்காரர்களுக்கு நடுவில், முன்வரிசையில், முதுகு வளையாமல் உட்கார்ந்திருப்பார். பின்னால் கிசுகிசுத்தால் பழக்கதோஷத்தில் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். வகுப்பு அடங்கிவிடும். பேராசிரியருக்கு அது கொஞ்சம் வசதியாகக்கூட இருந்தது.

வணிகவியல் தாள்களில் டீச்சர் புலி. வரவுப் பக்கமும் பற்றுப் பக்கமும் சரிக்குச் சரியாக வந்து நின்றால் முகம் மலர்ந்துவிடும். பொருளியலில்தான் முட்டிக்கொண்டது, அதுவும் ஒரு படத்தில். விலை ஏறினால் வாங்கும் அளவு குறைகிறது. ஆக, விலை காரணம், அளவு விளைவு. காரணத்தைப் படுக்கைக் கோட்டிலும் விளைவைச் செங்குத்துக் கோட்டிலும் போடுவதுதான் கணக்குக்காரர்களின் முறை. பொருளியல் புத்தகங்களோ விலையைச் செங்குத்தாக நிறுத்திவிட்டு அளவைக் கீழே படுக்கவைத்திருக்கின்றன. ஏன் என்று கேட்டார். "வழக்கம் டீச்சர். ரொம்ப காலமா அப்படித்தான் போடுறாங்க" என்றார் பேராசிரியர்.

அந்த "அப்படித்தான்" டீச்சருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. இத்தனை வருட வேலையில் எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பதிலை அவர் சொன்னதில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்பார். மறுநாள் பார்த்துக்கொண்டு வந்து சொல்வார்.

எழுத்துத் தேர்வுகளில் பல்லைக் கடித்துக்கொண்டு புத்தகத்தில் உள்ளபடியே வரைந்து தேறிவிட்டார். வாய்மொழித் தேர்வில் அடக்க முடியவில்லை. ஒரு பொருளுக்கு வரி விதித்தால் என்ன ஆகும் என்று பலகையில் காட்டச் சொன்னார்கள். விலையைக் கீழே போட்டு வரைந்தார். "படத்தைத் திருப்பிப் போடுங்க" என்றார் பேராசிரியர். "படம் சரியாத்தான் இருக்கு சார். புத்தகம்தான் திரும்பிக் கிடக்கு." பிறகு நேரம் முடியும்வரை வாக்குவாதம். வரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தோல்வி. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, அதோடு சரி என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பினார்கள்.

"ஊரோட ஒத்துப்போனா உனக்கு என்ன குறைஞ்சு போகுது?" என்றார் வீட்டுக்காரர். ஓய்வு பெற்றுவிட்ட மனிதர். டீச்சர் படிக்கப் போனதிலிருந்து சமையல் அவர் கையில். உப்புக் கூடினாலும் டீச்சர் வாய் திறப்பதில்லை.

"ஊரே தலைகீழா நின்னா நானும் நிக்கணுமா?"

"வேலை வேணும்னா நில்லு. வேலை போச்சுன்னா நாள் முழுக்க என் சமையல்தான், பாத்துக்க."

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. மேசையில் கிடந்த கரண்டியை எடுத்துத் தட்டுக்கு நேராக வைத்தார். பயமாக இருந்தது அவருக்கு. வேலை போவதைவிட, ஒரு வகுப்பு முன்னால் இனி நிற்கவே முடியாதோ என்ற பயம்.

இரண்டாவது முறை அழைத்தபோது அறையில் இருவர் இருந்தார்கள். அதே பேராசிரியர், வெளியிலிருந்து தேர்வாளராக வந்த ஓர் அம்மா. அதே கேள்வி. பேராசிரியர் வேண்டுமென்றேதான் கேட்டார் போலிருக்கிறது.

டீச்சர் சாக்பீஸை எடுத்தார். ஸ்கேல் வைத்ததுபோல் ஒரு செங்குத்துக் கோடு, ஒரு படுக்கைக் கோடு. வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் வந்திருந்தார், விலை மேலே, விலை மேலே என்று. கை கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு வரைந்து காட்டிய கை, படுக்கைக் கோட்டுக்குக் கீழே போய் "விலை" என்று எழுதிவிட்டது.

எழுதி முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. வெளித் தேர்வாளர் பேனாவைத் திறந்தார். பேராசிரியர் பெருமூச்சு விட்டுவிட்டு, மேசைமேல் இருந்த டஸ்டரை விரலால் டீச்சர் பக்கம் மெல்லத் தள்ளினார்.

"மாத்தணும்னா மாத்திக்கலாம், டீச்சர். நான் பாக்கல."

குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் எழுதலாம். அதுதான் தன் சட்டம். ஆனால் அடித்த "விலை" அங்கேயே கிடந்து முறைக்கும். முறைத்தால் மறுபடி அதன் பக்கம் நின்று வாதாட ஆரம்பித்துவிடுவோம் என்று டீச்சருக்குத் தெரியும். தன்னை அவருக்கு நன்றாகத் தெரியும்.

டஸ்டரை அவர் எடுக்கவில்லை. உள்ளங்கையைப் பலகையில் அழுத்தி, அந்த இரண்டெழுத்தையும் தேய்த்தார். தடம்கூட மிஞ்சாதபடி மறுபடி தேய்த்தார். அங்கே "அளவு" என்று எழுதிவிட்டு, எக்கி மேலே "விலை" என்று எழுதினார்.

பிறகு வகுப்பைப் பார்ப்பதுபோல் அவர்கள் இருவரையும் பார்த்துத் திரும்பி, சாக்பீஸ் தூள் அப்பிய உள்ளங்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இப்ப இந்தப் பொருளுக்கு வரி போடுறாங்க, கவனிங்க" என்று ஆரம்பித்தார்.