கண்டி வீதியில் கேட்ட சொல்

மகள் தன் அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துப் போவாள். பிரிட்ஜின் முன்னால் நின்று நாடியை மேலே தூக்குவாள். அவர் கதவைத் திறந்து யோகட் கோப்பையை எடுத்துக் கொடுப்பார். இருவருக்கும் இடையில் ஒரு சொல்கூடப் பிறக்காது. நாடியைத் தூக்கினால் யோகட். கன்னத்தைத் தொட்டால் நித்திரை. வாசலைப் பார்த்து உள்ளங்கையை விரித்தால் ஓட்டோவில் ஒரு சுற்று. அவளுக்கு இரண்டு வயது நிறைந்த அந்த நாட்களில் குசினி வாசலில் நின்று இதைப் பார்த்து ரசித்திருக்கிறேன். பிறகு மெல்ல மெல்ல அந்த ரசிப்புக்குள் பயம் புகுந்தது.

என் கணவர் எங்கள் ஊரான கப்பல்துறையில் ஓட்டோ ஓட்டுகிறவர். சின்ன வயதிலிருந்தே அவருக்குத் திக்கல் உண்டு. கலியாணம் பேச வந்த நாளில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே சொல் ‘ஓம்’. அதற்கே இரண்டு தரம் மூச்சை இழுத்துக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது. கூலியைக்கூட விரல்களால் காட்டிவிடுவார். நானோ டவுனில், ஓர்ஸ் ஹில்லில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறவள். பகல் முழுவதும் ஆட்களுக்குப் பதில் சொல்லிவிட்டு வருவதால், வீட்டின் அமைதி எனக்குக் குளிக்கும் தண்ணீர்போல இதமாக இருந்தது. அந்த அமைதிக்குள் ஒரு பிள்ளை வளர்கிறாள் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

கிளினிக்கில் மிட்வைஃப் அம்மா, “என்னென்ன சொல்லுறா?” என்று கேட்டபோதுதான் எண்ணிப் பார்த்தேன். ‘அம்மா’ என்ற சொல்கூட இல்லை, ‘அப்பா’வும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை, இவளுக்கு இளையது, வேலி இடுக்கால் எட்டிப் பார்த்து எங்கள் பூனையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். பகலில் மகளைப் பார்த்துக்கொள்ளும் என் மச்சாள், அவருடைய அக்கா, “பயப்பிடாதை. இவள்ட அப்பனும் நாலு வயசிலதான் வாய் திறந்தவன்” என்று ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலைக் கேட்டு என் கணவர் சாப்பாட்டை அரைவாசியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஆஸ்பத்திரியில் முதலில் காதைச் சோதித்தார்கள். பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் எங்களைக் கூப்பிட்டார். சிரித்த முகமுள்ள இளம்பெண். நிலத்தில் சம்மாணம் கொட்டி இருந்து மகளோடு விளையாடிக்கொண்டே எங்களோடும் பேசினார்.

“காது நல்லாக் கேக்குது. சொல்லுறதும் விளங்குது. வீட்டில பிள்ளையோட ஆர் அதிகம் கதைக்கிறது?”

என்னை முந்திக்கொண்டு என் கணவர் வாயைத் திறந்தார். “நா... நான் கதைச்சா, பி... பிள்ளையும் திக்கும், மிஸ். அதான் கதைக்கிறேல்லை.”

இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அன்றுதான் அது தெரிந்தது. இயல்பு என்று நான் நினைத்திருந்த மௌனம், மகளுக்காக அவர் பிடித்த விரதமாகவும் இருந்திருக்கிறது.

மிஸ் விளையாட்டை நிறுத்தினார். “திக்கல் ஆரையும் பாத்துப் பழகிற விசயமில்லை, அண்ணா. நீங்கள் திக்கித் திக்கியே கதையுங்கோ. உங்கட குரலைக் கேக்க அவவுக்கு எவ்வளவு நேரமும் இருக்கு.” பிறகு இன்னொன்றும் சொன்னார்: கேட்கும் முன்னமே கொடுக்கக்கூடாது, ஒரு சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பது அவருக்கு ஏலாத காரியம். “யோ...” என்று சொல்லி யோகட்டை உயர்த்திப் பிடிப்பார், மகளின் கீழுதடு பிதுங்கும், உடனே கொடுத்துவிடுவார். ஆனால் கதைப்பதை அவர் விடவில்லை. காலையில் என்னை வேலையில் இறக்க வரும்போது மகளும் என் மடியில் வருவாள். கண்டி வீதியில் ஓட்டோ ஏறியதும் அவர் தொடங்குவார். “கு... குரங்கு. குரங்கு மதிலில இருக்கு. பிளேன் போகுது, அங்கை பார். கடல் வருது.” சீனன்குடாவில் நாளும் ஏறும் துணிக்கடை முஸ்லிம் பெரியவரை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம். அவர் முதல் நாள் திகைத்துப்போய், “என்னோடயா தம்பி கதைக்கிறீங்க?” என்றார். விசயத்தைச் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து அவரும் சேர்ந்துகொண்டார். “மகள், பாருங்க, பெரிய லொறி!” என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார். எங்கள் ஓட்டோ ஒரு சந்தைபோல இரைந்துகொண்டு டவுனுக்குள் போகும். இவ்வளவுக்கும் நடுவில் மகள் மட்டும் வாய் திறக்கவில்லை. மழைக்காலம் வந்து போனது. வேலை மேசையில் இருந்தபடி நான் சில நாட்கள் யாருக்கும் தெரியாமல் அழுதிருக்கிறேன்.

ஒரு காலையில் மாட்டுக்கூட்டம் வீதியை மறித்தது. அவர் பிரேக் பிடித்துவிட்டு, “அங்கை பார், மா...” என்றார். சொல் தொண்டையில் நின்றுவிட்டது. “மா... மா...” கழுத்து நரம்பு புடைத்தது. நானா எடுத்துக்கொடுக்க வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். மகள் என் மடியிலிருந்து முன்னால் சரிந்து, அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

“டு!”

அவர் திரும்பினார். “மா...?”

“டு!”

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று நானா தன் தொடையில் அடித்தார். மாடுகள் காட்டுக்குள் இறங்கி வெகுநேரமாகிவிட்டது. பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. எங்கள் ஓட்டோ அசையவில்லை. அப்பாவும் மகளும் அந்தச் சொல்லை ஆளுக்குப் பாதியாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

“வேணுமெண்டேயா பாதியில விட்டனீங்கள்?” என்று பின்னேரம் அவரிடம் கேட்டேன்.

“இல்லையப்பா,” என்று வெட்கப்பட்டார். “உ... உண்மையாவே நிண்டது.”

அடுத்த நாளே பேச்சு மடை திறந்து கொட்டிவிடவில்லை. சொல் சொல்லாக வந்தது. பயிற்சிக்கு அலைந்தோம், மாதக்கணக்கில். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வழி இல்லை என்று மிஸ் சொல்லிக்கொண்டே இருப்பார். அங்கே கண்ட மற்றத் தாய்மாரின் முகங்களை நினைக்கும்போது அது எனக்கு விளங்கும். எங்கள் மகள் இரண்டு சொல்லைச் சேர்த்து முதன்முதல் சொன்ன வசனம் “அப்பா, கதை” என்பதுதான். அவர் அன்று கூலி ஓட்டம் ஒன்றையும் எடுக்கவில்லை.

இப்போது மகள் தரம் ஒன்றில் படிக்கிறாள். போன கிழமை பெற்றோர் கூட்டம். கூட்டமென்றால் கடைசிக் கதிரையில் ஒளிந்துகொள்ளும் மனுசன், அன்று முன்வரிசையில் போய் இருந்தார். வகுப்பு ரீச்சர் எங்கள் பக்கம் திரும்பி, கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னார்: “உங்கட மகள் வகுப்பில ஒரு நிமிசம் வாய் மூடுறா இல்லை. பக்கத்துப் பிள்ளையளையும் படிக்க விடுறா இல்லை. ஓயாத கதை.”

அவர் எழுந்து நின்றார். எல்லோரும் பார்த்தார்கள். மூச்சை இழுத்தார். ரீச்சர் பொறுமையாகக் காத்திருந்தார்.

“ச... ச... சந்தோசம், ரீச்சர்,” என்றார்.