இருபது வருஷக் கையெழுத்து

நாலு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத அண்ணன்காரன், சோலார் கம்பெனி ஆளோடு மாடியிலிருந்து இறங்கி வந்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டான். தையல்காரித் தங்கைக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. ஆதாயமில்லாமல் அந்த வாயிலிருந்து 'அம்மா' வருமா?

வீடு இருவர் பேரிலும் இருந்தது. மாடி அவனுக்கு, கீழ்த்தளம் அவளுக்கு. புருஷனை விட்டு வந்தவள், முன்னறையில் இரண்டு மிஷின் போட்டு, பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்தே பதினோரு வருஷத்தை ஓட்டியவள். அவள் எத்தனை மணிக்கு வந்தாள், துணி கொடுக்க எவன் வந்தான் என்று படிக்கட்டில் நின்று வேவு பார்த்தவன் இந்தப் புண்ணியவான். ஒருநாள் அவள் நன்றாகக் கேட்டுவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. போன மாதம் தன் பங்கை விற்றுவிடலாமா என்று ஒரு வீட்டுத் தரகரிடம் விசாரித்தாள். விசாரித்ததோடு சரி, மனசு வரவில்லை.

"லீசுன்னா நீங்க முதல் போடவே வேணாம் மேடம். மொட்டை மாடியில வைக்கிற பேனல் எங்களோடது. இருபது வருஷத்துக்கு மாசாமாசம் வாடகை மட்டும்தான்" என்றார் கம்பெனிக்காரர்.

"சொந்தமா வாங்கினா?"

"ஆறேழு வருஷத்துல போட்ட காசு கரண்ட் பில்லுலயே வந்துடும். அப்புறம் எல்லாம் லாபம்தான்."

"அப்ப வாங்கிடலாமேண்ணா. பாதி நான் தரேன்."

"அதெல்லாம் வேணாம். லீசுதான். கையெழுத்தப் போடு."

பிளாஸ்டிக் பையைக்கூடக் கழுவிக் காயப்போடும் கஞ்சன், இருபது வருஷம் வாடகை கட்டத் துடிக்கிறானா! அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தையலைச் சரிபார்ப்பதுபோல் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். ஆறாம் பக்கத்தில் விரல் நின்றது.

"சார், இருபது வருஷத்துக்குள்ள வீட்ட வித்தா?"

கம்பெனிக்காரர் அண்ணனை ஓரக்கண்ணால் பார்த்தார். "வாங்குறவங்க லீசையும் ஏத்துக்கணும். கம்பெனியும் ஒத்துக்கணும். கொஞ்சம் கஷ்டம்தான் மேடம்."

"அதுக்குத்தான் இந்தக் கரிசனமா?"

"ஆமாடி!" அண்ணன் வெடித்தான். "நீ தரகர்கிட்ட போனது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? எவனையோ கொண்டாந்து கீழ குடி வைப்ப, நான் மேல ஒக்காந்து வேடிக்கை பாக்கணுமா? அம்பது வயசாச்சு ஒனக்கு. எங்க போயிடுவ? இங்கதான் கெடந்து சாகணும்."

மிஷின் ஓடாத முன்னறையில் அது பளாரென்று விழுந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தது அசல் கோபம், காது மடல் வரை சுட்டது. காகிதத்தை நான்காக மடித்துக் கம்பெனிக்காரர் கையில் திணித்தாள்.

"விக்கிறதா வேணாமான்னு ஒரு மாசமா தூக்கமில்லாம கெடந்தேன். நல்ல காரியம் பண்ணிட்ட, அண்ணா."

போனை எடுத்து, அவன் கண் முன்னாலேயே தரகரைக் கூப்பிட்டாள். "ஆள் இருந்தா இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. வீட்டுலதான் இருக்கேன்."