டென்சில் உயிரோடுதான் இருக்கிறார்

நாற்பத்தைந்தாவது வயதில் அல்போன்சா முதன்முறையாக மவுஸைத் தொட்டாள். மகன் க்ளென் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்து, அங்கேயே பி.ஜி. விடுதி ஒன்றில் தங்கப் போனபோது விட்டுச்சென்ற கம்ப்யூட்டர். நீலசந்திராவில் இருந்த வீட்டின் முன்னறையில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில், பழைய துப்பட்டா போர்த்திக் கிடந்தது. விற்றுவிடலாம் என்றார் கணவர் யூஜின். அதற்குள் அல்போன்சா துப்பட்டாவை எடுத்துவிட்டாள்.

இப்போது நாற்பத்தேழு. பகலெல்லாம் பிளவுஸ் தைக்கிறாள். கை ஓய்ந்ததும் நாற்காலியை அரைவட்டம் திருப்பினால் கம்ப்யூட்டர். படங்களை வரிசையாக அடுக்கி, ஒன்று கரைய இன்னொன்று எழும்படி கோத்து, அடியில் பாட்டு வைத்து வீடியோவாக்குவாள். முதன்முதலில் ஒரு படம் இன்னொன்றாகக் கரைந்ததைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில், யூஜின் முகத்துச் சோப்போடு குளியலறையிலிருந்து ஓடிவந்தார். அதன்பிறகு சர்ச்சின் பங்கு மக்களில் யாருக்குப் பிறந்தநாள், எந்தப் பிள்ளைக்கு முதல் நன்மை விழா என்றாலும் அல்போன்சாவின் வீடியோ வாட்ஸ்ஆப்பில் சுற்றியது.

ஆனால் எல்லாம் கையகல போனில்தான். பெரிய திரையில் தன் வேலை ஓடி அவள் பார்த்ததில்லை. யூஜினின் அக்கா ஜோசஃபினுக்கும் அவர் கணவர் டென்சிலுக்கும் கல்யாண வெள்ளிவிழா வந்தது. சனிக்கிழமை மாலை பங்கு மண்டபத்தில் விருந்து, கேக் வெட்டுமுன் எல்.இ.டி. சுவரில் ஆறு நிமிடப் படம். கேள்விப்பட்ட அன்றே அல்போன்சா நாத்தனார் வீட்டில் போய் நின்றாள்.

"அண்ணி, படத்த நான் பண்றேன்."

"நீயா?" ஜோசஃபின் தலை முதல் கால்வரை பார்த்தார். "ஜாக்கெட்டுன்னு நெனச்சியா, சரியா வரலன்னா பிரிச்சுத் தைக்கறதுக்கு? எரநூறு பேரு பாப்பாங்க."

"குடு ஜோஸி, நம்ம அல்போன்சாதானே" என்றார் டென்சில்.

"சரி. வெள்ளிக்கிழம எனக்குக் காட்டு. புடிக்கலன்னா ஸ்டூடியோக்காரன்தான். அப்புறம் மூஞ்சிய தூக்கி வச்சுக்கக் கூடாது."

ஆல்பங்கள் ஒரு பை நிறைய வந்தன. ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, போனில் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றியதும் இடமில்லையென்று போனில் அழித்தாள். அப்புறம் வெட்ட ஆரம்பித்தாள். தையற்காரியின் கண்ணுக்கு ஓரத்தில் நூல் தொங்கினாலே பொறுக்காது. இந்தப் படங்களிலோ எல்லா ஓரத்திலும் ஏதாவது தொங்கியது: யாரோ ஒருவரின் முழங்கை, பாதி சித்தப்பா, காலி சோடா பாட்டில், நாக்கை நீட்டும் பொடியன். எல்லாம் போயிற்று. டென்சில் மட்டும், ஜோசஃபின் மட்டும், மிஞ்சினால் இருவரும். இஸ்திரி போட்ட மாதிரி சுத்தம்.

பிறகு அலங்காரம். கம்ப்யூட்டரில் ஆயத்தமாக இருந்த வடிவங்களில் மெழுகுவர்த்தி எரிவது ஒன்று இருந்தது. வெள்ளிவிழாவுக்குக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்களே, பொருத்தம்தானே? மேலிருந்து வெள்ளைப் பூவிதழ்கள் உதிர்ந்தன. கலர் படங்கள் மெல்லக் கறுப்பு வெள்ளையாயின. பின்னணியில் வயலின். கடைசிப் படத்தில் டென்சில் சிரித்தபடி வெண்ணிற ஒளிக்குள் கரைந்து மேலே போனார். ஓட்டிப் பார்த்து அல்போன்சாவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மதியம் குடும்பக் குரூப்பில் போட்டாள், ஒரு வரிகூட எழுதாமல். போட்டுவிட்டு, வாசலில் காத்திருந்தவளின் பிளவுஸுக்கு ஹூக் வைக்கப் போனாள்.

யாரோ அதைக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். அங்கே டென்சிலின் பெரியப்பா சவரியப்பன், எண்பது வயது. வீடியோவைக் கடைசிவரை பார்த்தார். டென்சிலின் நம்பரையே அழுத்தினார், வீட்டில் யாராவது எடுப்பார்கள் என்று.

"அலோ."

"யாருப்பா பேசறது?"

"நான்தான் பெரியப்பா, டென்சிலு."

"எந்த டென்சிலு?"

"ஒங்க தம்பி மவன் டென்சிலு!"

"அப்ப செத்தது யாரு?"

அதோடு நிற்கவில்லை. அடக்கம் எத்தனை மணிக்கு என்று ஒருவர் கேட்டார். பழைய அலுவலக நண்பர் ஒருவர் போனிலேயே அழுதார்; தான் நலம் என்று அவரை நம்பவைக்க டென்சில் வீடியோ கால் போட வேண்டியிருந்தது.

நான்கு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஜோசஃபின் இறங்கினார், பின்னால் சிரிப்பை அடக்கியபடி டென்சில்.

"அல்போன்சா! என் தாலி ஒனக்கு என்னடி பண்ணுச்சு?"

"அண்ணி, அந்த மெழுகுவர்த்தி வந்து..."

"மெழுகுவர்த்தி, பூ, வயலினு! கடசில மனுசன மேகத்துக்குள்ள ஏத்திவேற விட்டுட்ட. முப்பதாம் நாள் பூச எப்பன்னு போடறது ஒண்ணுதான் பாக்கி!"

"நல்லாத்தான் இருந்துச்சு ஜோஸி. பாத்து நானே அழுதுட்டேன்" என்றார் டென்சில்.

"நீங்க வாய மூடுங்க. ஸ்டூடியோக்காரன்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு ஆல்பத்தக் கொண்டாரச் சொல்லியிருக்கான்."

எல்.இ.டி. சுவர் அல்போன்சாவின் கண்முன்னாலேயே அணைந்துகொண்டிருந்தது. "பத்து மணிக்குத்தானே அண்ணி? ஒம்போதரைக்கு வந்து ஒரே ஒருவாட்டி பாருங்க. அப்பவும் புடிக்கலன்னா ஆல்பத்த நானே தூக்கிட்டு ஸ்டூடியோவுக்கு வர்றேன்."

"வந்து பாக்கலாம் ஜோஸி" என்றார் டென்சில். "அதுவரைக்கும் நான் உயிரோட இருந்தா."

அவர்கள் போனதும் மெழுகுவர்த்தியை அணைத்தாள். பூவிதழ்களைக் கூட்டித் தள்ளினாள். வயலினை எடுத்துவிட்டுக் கல்யாண பேண்டு இசையை வைத்தாள், கலரைத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஓட்டினாள். பேண்டு முழங்கியது, டென்சில் வந்தார், டென்சில் போனார். ஊஹூம். இப்போது பேண்டு வைத்த சாவு மாதிரி இருந்தது.

யூஜின் காபி டம்ளரோடு பின்னால் நின்றார்.

"இன்னும் அப்படியேதான் இருக்கு" என்றார்.

"அதான் ஏன்னு தெரியலங்க!"

"முக்காவாசி படத்துல மாமா யாரோடயும் இல்லியே. பாவம், தனியாவே வந்து தனியாவே போறாரு."

அல்போன்சா திரும்பித் திரையைப் பார்த்தாள். ஆமாம். நினைவஞ்சலிப் படங்களெல்லாம் இப்படித்தான். ஏதோ ஒரு கல்யாணக் கும்பலிலிருந்து ஒரு தலையை மட்டும் வெட்டி எடுத்தது. இருபத்தைந்து வருடத்துக் கும்பலையும் தன் கையாலேயே வெட்டிப் போட்டிருக்கிறாள். ஆல்பங்களை ஜோசஃபின் கையோடு எடுத்துப் போய்விட்டார். மறுபடி முதலிலிருந்து படம் பிடிக்கவும் வழியில்லை.

துணியாக இருந்தால் பயமே இல்லை. எந்த பிளவுஸுக்கும் அவள் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பாள். உடம்பு பெருத்தால் பிரித்துவிடலாம். இது மிஷின் வெட்டியது. இருந்தும் கை சும்மா இருக்கவில்லை. ஒரு படத்தின் மேல் மவுஸை வைத்து, வெட்டுகிற பொத்தானை மறுபடி அழுத்தினாள்.

டென்சிலின் இரண்டு பக்கமும், மங்கிய நிழலாக, வெட்டிய ஆட்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். முழங்கைக்கு உடம்பு முளைத்தது.

"ஏங்க! உள்ள துணி இருக்குங்க!"

அப்புறம் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு படமாக இழுக்க இழுக்க, ஒரு ஊரே உள்ளே வந்தது. பாதி சித்தப்பா முழுசானார். சோடா பாட்டிலைப் பிடித்திருந்தது, பெரிய மீசை வைத்த யூஜின்தான். "ஐயோ, அந்த மஞ்ச சட்ட!" என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேவிட்டார். சவரியப்பன் வாய் நிறைய பிரியாணியோடு கேமராவை முறைத்தார். நாக்கை நீட்டிய பொடியன் க்ளென். ஒரு மூலையில், ஒல்லியாக, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அல்போன்சா நின்றாள். தன்னைக்கூட வெட்டியிருக்கிறாள்!

சொன்னபடி ஒன்பதரைக்கு வந்த ஜோசஃபின் உட்காரவில்லை. கைப்பை தோளில், ஆல்பப் பை கையில். படம் ஓடியது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று கை நீண்டது.

"நிறுத்து. பின்னால போ. அது எங்க அம்புஜம் டீச்சர் இல்ல? கல்யாணத்துக்கு வரவே இல்லன்னு இத்தன வருசமா திட்டிட்டு இருக்கேன்டி!"

"ஓரத்துல நிக்கிறாங்க அண்ணி."

இன்னும் ஐந்தாறு படம் போனது. "இதுல நான் குண்டா இருக்கேன்."

"எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும்." கைப்பையிலிருந்து போனை எடுத்தார். "அலோ, ஸ்டூடியோவா? வேணாம்ப்பா. வீட்லயே ஆளு இருக்கு."

மாலை, மண்டபம் நிரம்பி வழிந்தது. எல்.இ.டி. சுவரைக் கவனித்த ஹரிஷ்குமார், "மேடம், பேக பேக, பென் டிரைவ் குடுங்க" என்று கன்னடமும் தமிழுமாக அவசரப்படுத்தினான். விளக்குகள் அணைந்தன. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக டென்சில் எழுந்தார், தன் கூட்டத்தோடு.

முதலில் பின்வரிசையில் ஒரு கூச்சல். "ஏய், அது நம்ம அப்பா!" அப்புறம் பக்கவாட்டில். எல்லாரும் மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டு, ஓரங்களில் தங்களைத் தேட ஆரம்பித்தார்கள். கண்டுபிடித்தவர்கள் எழுந்து நின்று கை காட்டினார்கள். பிரியாணியோடு தன்னைக் கண்ட சவரியப்பன், "டேய், அது நான்டா! பல்லெல்லாம் இருக்கு பாரு!" என்று கத்தினார். முடிந்ததும் ஹரிஷ்குமார் ஓடிவந்தான். "மேடம், ஒன்ஸ் மோர் கேக்கறாங்க!" மறுபடி ஓடியது.

கேக் வெட்டியதும் சவரியப்பன் பெரிய பொட்டலம் ஒன்றைப் பிரித்தார். இரண்டு வெள்ளை ரோஜா மாலைகள்.

"நேத்து அவசரத்துல, ஒனக்கு போன் போடறதுக்கு முன்னாடியே, மலர்வளையம் சொல்லிட்டேன். பூவெல்லாம் வாங்கியாச்சு, திருப்ப முடியாதுன்னான் கடக்காரன். சரி, பிரிச்சு ரெண்டு மாலையா கட்டுன்னேன்."

டென்சில் குனிந்து வாங்கிப் போட்டுக்கொண்டார். ஜோசஃபின் அல்போன்சாவைப் பார்த்தார். இருவருக்கும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

கிளம்பும்போது கிழவர் அல்போன்சாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"எனக்கும் ஒண்ணு பண்ணித் தாம்மா. மெழுகுவர்த்தி, மேகம், அதெல்லாம் போட்டது."

"பெரியப்பா! என்ன பேச்சு இது?" என்றார் ஜோசஃபின்.

"செத்தப்புறம் போட்டா நான் இருந்து பாக்க முடியுமா? இப்பவே பாத்துக்கறேன். ஆனா எல்லாரும் இருக்கணும். யாரையும் வெட்டாத."

அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும், சவரியப்பன் தன் பழைய போட்டோக்கள் நிறைந்த பெட்டியோடு நீலசந்திராவுக்கு வருகிறார்.