மூன்றாவது கூப்பாடு

லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தவனுக்குத்தான் கால் அரிப்பு என்றால் என்னவென்று தெரியும். தேனியில் ஒரு மர மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். ஏலக்காய் மூட்டை விருதுநகர் போகும். பருத்திப் பொதி கோயம்புத்தூர் போகும். நான் மட்டும் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குப் போய்விட்டு வருவேன். எழுபதுகளின் தொடக்கம் அது. "இவனைப் பெறும்போதே அடியில சக்கரம் வச்சுப் பெத்துட்டேன்" என்று என் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு எனக்கு முழு விடுப்பு. கோயில், அணை, அருவி என்று போகக்கூடிய இடமெல்லாம் போயாயிற்று. கடைசியில் பேய் குடியிருப்பதாகச் சொல்லும் பழைய இடங்களுக்குப் போக ஆரம்பித்தேன். துணைக்கு ஒரு சேக்காளி. கடைவீதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒற்றைத் தையல் மெஷின் போட்டிருந்தவன். புராட்டஸ்டன்ட் குடும்பம், என் வயதுதான். நான் அவனை மாப்ளே என்பேன், அவனும் என்னை மாப்ளே என்பான். யாருக்கு யார் பெண் கொடுத்தது என்று அவன் மனைவி கேட்டுக்கொண்டே இருக்கும்.

உண்மையைச் சொன்னால், எனக்குப் பேய் மேல் ஆசை இல்லை. பேயைப் பற்றிப் பேசுகிற வாய் மேல்தான் ஆசை. ஜெயமங்கலத்துப் பக்கம் வயல் நடுவே ஒரு கல்மண்டபம். களை எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "அங்கன இருக்கது சாதுவான பேயிங்க. வெத்தலை கேக்கும். இல்லைன்னா கோவிச்சுக்கிட்டுப் போயிரும்." மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒருவரிடம் கோட்டை எங்கே என்று கேட்டேன். "கோட்டை போயிருச்சு. காவக்காரன்தான் இன்னும் போகல" என்று ஒரு மண்மேட்டைக் காட்டினார். இதையெல்லாம் ரத்தான லாரி ரசீதுகளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன். நல்ல பேச்சு ஒன்று கிடைத்தால் அதை உடனே யாருக்கும் சொல்லிவிட மாட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் சேக்காளியிடம் எடுத்து விடுவேன், அவன் சிரிப்பான். அதற்காகவே பொத்தி வைப்பேன். அந்தப் புத்திதான் என்னைக் கெடுத்தது.

கார்த்திகை பிறக்கிற சமயம். வருசநாட்டுப் பக்கம், காடு ஆரம்பிக்கிற இடத்தில், பழைய ஜமீனின் வேட்டை பங்களா ஒன்று இடிந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டோம். எந்த ஜமீன் என்பது இங்கே வேண்டாம். மாப்பிள்ளை அன்றைக்கு சர்ச்சுக்குப் போகவில்லை. "நூல்கண்டு வாங்கப் போறேன்" என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு விடியற்காலை பஸ்ஸுக்கு வந்துவிட்டான். கடமலைக்குண்டில் இறங்கினோம். அவன் இரண்டு வாடகை சைக்கிள் எடுத்துக் காற்றடிக்கப் போனான். நான் பஸ் நிற்கிற இடத்தில் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அங்கனயா போறீக? உச்சி வேளைக்கு முன்னாடி வந்திருங்க" என்றது அந்த அம்மா.

"ஏன்த்தா, என்ன இருக்கு அங்கன?"

"வெள்ளைக்காரத் துரைகளுக்குச் சமைச்சுப் போட்ட சமையக்காரன் இருக்கான். வேட்டைக்குப் போன துரைமாரு திரும்பி வரல. சோத்த வச்சுக்கிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டே செத்துப் போனான். இன்னமும் மத்தியானத்துல கூப்பிடுவான். நமக்குப் பழகின ஆளு குரல்லயே கூப்பிடுவான். திரும்பிறாதீக. ஒருதரம் கூப்பிடுவான், ரெண்டுதரம் கூப்பிடுவான். மூணாவது தரம் கூப்பிட அவனுக்கு நாக்கு கெடையாது. மூணு தரம் கூப்பிட்டாத்தான் மனுசன்."

பேய் முதல் இரண்டு தரம்தான் கூப்பிடும் என்பது எங்கள் வீட்டிலும் சொல்கிற பேச்சுதான். ஆனாலும் மூணாவது தரத்துக்கு நாக்கு கிடையாது என்பது புதுசு. அடடா என்று இருந்தது. ரசீதில் எழுதிக்கொண்டேன். சைக்கிளோடு வந்தவன், "என்னடா சிரிப்பு?" என்றான். "சாயங்காலம் சொல்றேன்" என்றேன்.

பங்களாவை அடைந்தபோது பதினொன்றரை. கூரை இல்லை. தேக்குத் தூண்களையெல்லாம் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரைப் பிளந்துகொண்டு ஒரு அரசமரம் நின்றது. முன்கூடத்துச் சுவர் முழுக்க வந்து போனவர்கள் கரியால் எழுதிய பெயர்கள். நான் அதைப் படிக்கத் தொடங்கினேன். அவன் பின்பக்கம் சமையல்கட்டைப் பார்க்கப் போனான். காற்று இல்லை, பறவைச் சத்தமும் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிஷம்.

"மாப்ளே!"

பின்பக்கத்திலிருந்து வந்தது. அவன் குரலேதான். அசலாக அவன் குரலாக இருந்ததுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. பழகின ஆள் குரல்லயே கூப்பிடுவான் என்று அந்த அம்மா சொன்னதே. ஒன்று, என்று எண்ணினேன்.

"மாப்ளே…"

இந்தத் தரம் சன்னமாக. இரண்டு.

மூன்றாவதுக்காகக் காத்து நின்றேன். அவனாக இருந்தால் இன்னொரு தரம் கூப்பிடுவான், உடனே ஓடலாம் என்று நினைத்தேன். கூப்பாடு வரவில்லை.  பேயெல்லாம் வெறும் பேச்சு என்று ஊர் ஊராகச் சிரித்தவன், திரும்பிப் பார்க்காமல் நடந்து வெளிவாசலுக்கு வந்து, சைக்கிள்கள் சாய்த்திருந்த புளியமரத்தடியில் போய் நின்றேன். அவன் வருவான் என்று பார்த்தேன். அவன் வரவில்லை. சைக்கிள் மணியை அடித்தேன், நிறுத்தினேன். ஏறி உட்கார்ந்தேன், இறங்கினேன். இரண்டு தப்படி வாசல் பக்கம் வைப்பேன், மறுபடி மரத்தடிக்கு வருவேன். அப்படி இருபது நிமிஷம்.

தலையில் விறகுக் கட்டோடு ஒரு பெண்பிள்ளை காட்டிலிருந்து இறங்கி வந்தது. என்னையும் இரண்டு சைக்கிளையும் பார்த்து நின்றது.

"ஏன் தம்பி, போகையில ரெண்டு பேருல்ல போனீக?"

அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. "உள்ள… கூப்பிட்டான்… ரெண்டு தரந்தான் கூப்பிட்டான்" என்று உளறினேன். விறகுக்கட்டு தொப்பென்று தரையில் விழுந்தது. அது எனக்கு முன்னால் ஓடியது.

சமையல்கட்டுத் தரையில் தானியக் குழி ஒன்று இருந்திருக்கிறது. மேலே மூடியிருந்த பலகை மழையில் இற்றுப் போயிருந்தது. அவன் மார்பளவு உள்ளே இறங்கி, வலது கால் கீழே கல்லுக்குள் மாட்டி, முகம் வெளுத்துப் போய் நின்றுகொண்டிருந்தான். இருவருமாகக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினோம். கணுக்காலுக்கு மேலே எலும்பு திசை மாறியிருந்தது.

"பேயி கூப்பிட்டுச்சுன்னு நெனச்சீகளாக்கும்?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டது. "தெனம் எங்க மூஞ்சியப் பாத்துச் சலிச்சுப் போயி அது எப்பவோ பஸ்ஸேறிப் போயிருச்சு தம்பி."

அவன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான். "நீ போயிட்டேன்னு நெனச்சேன்" என்றான்.

"மூணாவது தரம் ஏன்டா கூப்பிடல?"

"ரெண்டுக்கே வரல. மூணுக்கா வரப் போற?"

பணியாரக்கார அம்மா சொன்னதை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். பொத்தி வைத்த பேச்சு, சிரிப்புக்கென்று வைத்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊர் வந்து சேர்ந்ததும், எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். "நாப்பது நாளு கால் தரையில படப்படாது" என்றார். எண்ணிப் பார்த்தால் நாற்பதாம் நாள் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்தது.

அவனுக்கு வருஷம் முழுக்கக் கிழிசலுக்கு ஒட்டுப் போடுகிற தையல்தான். கிறிஸ்துமஸ் ஒன்றுதான் அறுவடை. சர்ச்சில் பாடுகிறவர்களின் வெள்ளை அங்கி, பிள்ளைகளின் கவுன், வாத்தியார்மார் சட்டை என்று சபையின் துணி மொத்தமும் அவனிடம்தான் வரும். அந்த வருஷம் எதிர்வரிசையில் இரண்டு மெஷினோடு ஒரு புதுக்கடை வந்திருந்தது. துணி ஒருதரம் அந்தக் கடைக்குப் போய்விட்டால் திரும்பி வராது. மெஷினோ காலால் மிதிப்பது. இடது காலால் மட்டும் மிதித்துப் பார்த்தான். உடம்பு குலுங்கக் குலுங்கக் கட்டுப் போட்ட கால் உயிர் போகிற மாதிரி வலித்தது. மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டோம். நான் சொன்னேன்: "நீ துணியைப் புடி. நான் மிதியைப் பாத்துக்கிறேன்."

ஆபீஸ் விட்டதும் நேராக அங்கே போவேன். அவன் காலை முக்காலியில் நீட்டி வைத்து மெஷினில் உட்கார்ந்திருப்பான். நான் மேஜைக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மிதிப்பலகையைக் கையால் ஆட்டுவேன். "ஓட்டு" என்றால் ஓட்டவேண்டும். "நில்லு" என்றால் நிறுத்தவேண்டும். மேலே அவன் முகம் எனக்குத் தெரியாது, முக்காலியில் நீட்டிய கட்டுத்தான் கண்ணெதிரே தெரியும்.

துணி வாங்க வருகிறவர்கள் மேஜைக்கடியில் குனிந்து என்னைப் பார்ப்பார்கள். "இந்தத் தம்பிதான் தனியாளாத் தூக்கிட்டு வந்தாராமே? நல்லா இருப்பீக" என்பார்கள். அவன்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தான். இருபது நிமிஷத்தைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. அந்தப் பிள்ளை என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அண்ணே, நீங்க இல்லைன்னா இவுக கெதி என்னாயிருக்கும்?" என்று கேட்கும். என்னால் உட்காரவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. பலகையை இன்னும் வேகமாக ஆட்டுவேன். "ஏலே, மெதுவா! லாரியா ஓட்டுற?" என்பான் மேலேயிருந்து.

வீட்டில் தூக்கம் வரவில்லை. ஆபீசில் மூட்டைக்குப் போட்ட ஊர்ப்பெயரை மாற்றி எழுதினேன். அவன் திட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். திட்டமாட்டேன் என்கிறானே என்று இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும். கடைசி அங்கி, காலர் வேலை. காலர் முனையில் ஊசியைக் குத்தி நிறுத்தித் துணியைத் திருப்பவேண்டும். "நில்லு" என்றான். என் நினைப்பு புளியமரத்தடியில் இருந்தது. கை ஆட்டிக்கொண்டே போனது. தையல் முனையைத் தாண்டி வெள்ளைத் துணியில் கோணலாக ஓடிவிட்டது.

சக்கரத்தை உள்ளங்கையால் அழுத்தி நிறுத்தினான். "ஏன்டா, ஒருதரம் சொன்னா ஒனக்குக் காது கேக்காதா? இங்கனயும் மூணு தரம் சொல்லணுமா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அவன் மனைவி வாசற்படிக்கு வந்தது. "அது என்ன மூணு தரம்?"

அவன் குனிந்து ஊசி முனையால் தப்புத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தான். நான் மேஜைக்கடியில் இருந்தபடியே சொன்னேன். பணியாரக்கார அம்மா, ரசீது, ஒன்று, இரண்டு, சைக்கிள் மணி, இருபது நிமிஷம், விறகுக்கட்டு, எல்லாம். முகம் தெரியாத இடத்தில் இருந்ததால்தான் சொல்ல முடிந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசற்படியில் அந்தப் பிள்ளையின் இரண்டு பாதங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றது.

"அப்ப இவுக அந்தக் குழிக்குள்ள தனியா நின்னாக" என்றது.

"ஆமா."

"நீங்க மரத்தடியில எண்ணிக்கிட்டு இருந்தீக."

"ஆமாம்மா."

"எங்க சபையில ரெண்டு தரம், மூணு தரம்னெல்லாம் கெடையாதுண்ணே. சர்ச்சுல மணி அடிச்சா ஒரே அடிதான், வரவேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, அவன் பக்கம் திரும்பியது. "நூல்கண்டு வாங்கப் போனீகளாக்கும்? மணிக்கே போகாதவுக நீங்க. அப்பறம் என்னத்துக்கு அவரக் கேக்கணும்?"

பாதங்கள் உள்ளே போய்விட்டன. மேலே நூல் அறுகிற சத்தம் மட்டும் கேட்டது. போகச் சொல்வானா என்று காத்திருந்தேன். காலர் பாதியில் நிற்கிறது, நான் போனால் அங்கி முடியாது. முடியாவிட்டால் அங்கிக்குரிய பாடகர் மற்ற துணியையும் அள்ளிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போவார். அதனால் நானாக எழுந்து போகவும் முடியவில்லை.

"அன்னைக்கு எனக்குக் கோவம் வரல மாப்ளே" என்றான் மேலேயிருந்து, மெதுவாக. "ரெண்டாவது தரம் கூப்பிட்டப்ப, வாயில வேற பேரு வரலையேன்னுதான் இருந்துச்சு. சாமி பேரு வரணும்ல? ஒன்னயத்தான் கூப்பிட்டேன்."

மேலேயிருந்து உதிர்ந்த நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். 

"அண்ணே!"

அடுப்படியிலிருந்து ஒரே குரல். நான் எழுந்த வேகத்தில் தலை மேஜையின் அடிப்பலகையில் மடாரென்று மோதியது. கத்தரிக்கோல் கீழே விழுந்தது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலுக்கு ஓடினேன்.

அந்தப் பிள்ளை காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றது. சிரிப்பு இல்லை. "ஒருதரத்துக்கே வந்துட்டீகளே" என்றது. "குடிச்சிட்டுப் போயி அந்தக் காலர முடிங்க."

உள்ளே முக்காலி ஆடுகிற அளவுக்கு அவன் சிரித்துக்கொண்டிருந்தான். நான் காப்பியைச் சூட்டோடு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மேஜைக்கடியில் போய் உட்கார்ந்து பலகையில் கை வைத்தேன். "ஓட்டு" என்று அவன் சொல்வதற்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.