ஃபிளாப்பி அக்கா

ஃபிளாப்பியின் தகட்டுக் கதவை நகத்தால் ஒதுக்கி, உள்ளே மெதுவாக ஓர் ஊது ஊதிவிட்டு, காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்கிறார் அக்கா. திருப்தியில்லை. மடியில் கிடக்கும் துணியில் துடைத்து, மறுபடியும் ஆட்டுகிறார். "லொடலொடன்னா பயமில்ல. கரகரன்னாதான் ஆள் முடிஞ்சான்னு அர்த்தம்" என்கிறார். இது லொடலொட. ஆகவே உள்ளே போகிறது.

உள்ளே என்றால் எம்பிராய்டரி மெஷினுக்குள். எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில், தன் வீட்டு முன்னறையை முழுதாக அதற்கே எழுதிக்கொடுத்துவிட்டார் அக்கா. மேலே கலர் கலராக நூல் உருளைகள், நடுவில் ஊசி வரிசை, பக்கவாட்டில் ஃபிளாப்பி நுழைய ஒரு வாய். உலகம் ஃபிளாப்பியை மறந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இந்த மெஷினுக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை. வேறு எதைக் கொடுத்தாலும் தின்னாது. தெருவில் இவருக்கு ஃபிளாப்பி அக்கா என்றே பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பார்.

நர்சுகளின் மேலங்கியில் பெயர், ஹோட்டல் துண்டுகளில் முத்திரை, பந்தாட்டக்காரர்களின் முதுகில் பட்டப்பெயர் என்று ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். எழுத்துகள் எல்லாம் அக்காவே வரைந்தவை. விலைக்குக் கிடைக்கும் எழுத்துகள் துண்டின் புசுபுசு இழைக்குள் மூழ்கிக் காணாமல் போகின்றன என்று, கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தையலாக வைத்து, தன் பகல் தூக்கத்தை எல்லாம் கொடுத்து, வருடக்கணக்கில் சேர்த்தார். கொஞ்சம் பூசினாற்போல, மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்ட எழுத்துகள். ழகரத்தின் சுழிக்கு மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்றாம். "பாக்கத்தான் எழுத்து. தைக்கப் போனா ஊரையே சுத்தி வர்ற பாதை."

அவற்றை வரைந்த பழைய கம்ப்யூட்டர் சென்ற மாதம் புகைவிட்டு அணைந்துபோனது. எழுத்துகள் இப்போது ஃபிளாப்பிகளில் மட்டுமே இருக்கின்றன. "அண்ணி, காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா?" என்று கொழுந்தன் பதறிக் கேட்டபோது, "வச்சிருக்கேனே" என்று பெருமையாக எடுத்துக் காட்டியதும் ஒரு ஃபிளாப்பியைத்தான். அதுவும் கரகர. கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டு புது லேப்டாப் ஒன்றையும், அதில் செருகிக்கொள்ள ஒரு குட்டி ஃபிளாப்பிப் பெட்டியையும் வாங்கித் தந்து, எல்லாவற்றையும் உடனே அதில் ஏற்றிவிடச் சொன்னார். போகிற போக்கில், பென் டிரைவில் ஓடும் மெஷின்கூட வந்துவிட்டது என்றார்.

"வரட்டும். அதுக்காக இதைப் போகச் சொல்லணுமா?"

புது லேப்டாப் மரியாதை தெரிந்தது. ஆனால், பழைய ஃபிளாப்பியைக் கண்டால் அதற்குப் புரிவதில்லை. 'படிக்க முடியவில்லை. ஃபார்மட் செய்யட்டுமா?' என்று பணிவாகக் கேட்கிறது. சரி என்று அமுக்கினால் உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்து எடுத்துவிடும். அக்காவிடம் இதற்கு ஒரே வைத்தியம்தான்: வேண்டாம் என்று அமுக்கு, வெளியே எடு, ஊது, மறுபடி போடு. மூன்றாவது நான்காவது முறையில் எப்படியோ படித்துவிடுகிறது. "வீட்டுக்கு வந்த விருந்தாளி, நான் கொஞ்சம் சுத்தம் பண்ணட்டுமான்னு கேக்கற மாதிரி. நல்ல மனசுதான். ஆனா பீரோவைத் தூக்கி வெளிய போட்டுருவாங்க."

ஊத ஓர் ஆள், அமுக்க ஓர் ஆள் என்று இரண்டு பேர் வேண்டியிருந்தது. அமுக்கும் வேலைக்கு அக்கா தன் கணவரை உட்கார வைத்தார். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்டாப் இல்லாத இடத்திலும் யார் கை காட்டினாலும் நிறுத்திவிடுவார் என்பதால், அவர் வண்டி ஒருநாளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. வாசலில் வந்து கேட்டவர்களுக்கெல்லாம் சரி சொன்னதில் அந்த வீட்டில் தண்ணீர் வடிகட்டிகள் மட்டும் மூன்று. வேண்டாம் என்ற சொல் வாயில் வராத மனிதரை, பகல் முழுக்க வேண்டாம் சொல்லும் வேலையில் போடுவதா? மாடி வீட்டிலிருந்து சும்மா எட்டிப் பார்க்க வந்த நான், நானே அமுக்குகிறேன் என்று முந்திக்கொண்டேன்.

"நீங்க டீயைக் குடிங்க" என்றார் அக்கா. "அவருக்கும் ஏதாவது வேலை வேணும்ல."

சொன்னாரே தவிர, கண்ணை அவர் விரலை விட்டு எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் "வேணாம் சொல்லுங்க, வேணாம் சொல்லுங்க" என்று பக்கத்திலிருந்து ஓதிக்கொண்டே இருந்தார். பாதிக்கு மேல் நல்லபடியாகவே ஏறிவிட்டது. ழகரம் இருந்த ஃபிளாப்பிதான் முரண்டு பிடித்தது. அந்த நேரம் பார்த்து மெஷினில் நூல் அறுந்தது. அக்கா ஒரு நொடி அந்தப் பக்கம் திரும்பினார்.

"என்னங்க பண்ணீங்க?"

"அது கேட்டுச்சு" என்றார் அவர். "அஞ்சாவது தடவையா கேட்டுச்சு. பாவமா இருந்துச்சு."

திரையில் பச்சைக் கோடு ஒன்று ஊர ஆரம்பித்திருந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஒரு மழைக்காலம் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. மூன்று பேரும் ஒன்றும் செய்யத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு சற்று நகர்ந்து நின்றது. பிறகு அதே பணிவோடு ஒரு செய்தி: 'மன்னிக்கவும், இதை ஃபார்மட் செய்ய இயலவில்லை.'

அந்தக் காலத்துக் குறைந்த கொள்ளளவு ஃபிளாப்பியைத் துடைக்கவும் இந்தக் காலத்து லேப்டாப்புக்குத் தெரியாதாம். கொழுந்தன் பிறகு போனில் சொன்னார். அப்போது எங்களுக்கு அது தெரியாது. அக்கா ஃபிளாப்பியை வெளியே எடுத்து, ஊதி, மறுபடி போட்டார். இரண்டு தடவை பெட்டி உறுமியது. பிறகு திரையில் எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன, ழகரம் அதன் சுழியோடு. எனக்கு மூச்சு வந்தது. அக்கா முதலில் அதை ஏற்றி முடித்தார். அப்புறம்தான் சிரித்தார், கண்ணில் நீர் வரும் வரை. "கேக்க மட்டும்தான் தெரியுது. செய்யத் தெரியல."

கணவர் எழுந்து நின்றுவிட்டார். "மிச்சத்தை நீயே பாத்துக்க. என் கை சரியில்ல."

இன்னும் சில ஃபிளாப்பிகள் பாக்கி. என்னைக் கூப்பிடுவார் என்று டீ கிளாஸைக் கீழே வைத்தேன். கூப்பிடவில்லை. கணவரின் தோளை அழுத்தி அதே நாற்காலியில் உட்கார வைத்து, அடுத்த ஃபிளாப்பியை அவர் கையில் கொடுத்தார். பிறகு மெஷினிடம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அறுந்த நூலை ஊசியில் கோக்க ஆரம்பித்தார். பின்னால் லேப்டாப் மணியடித்துக் கேட்டது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.