ஆறாம் நம்பர் பண்டில்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு இருபது. கட்டிங் மேசைக்கு எதிரே தொங்கிய கடிகாரத்தை அப்போது பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. அதன் கீழே பெஞ்சில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். நான் அடுத்து நிமிர்ந்தபோது மணி ஐந்தேகால். பெஞ்ச் காலியாக இருந்தது.

அந்தத் திருப்பூர் கம்பெனியில் எனக்குச் செக்கிங் பிரிவில் வேலை. கட்டிங் மாஸ்டர் தென்காசிப் பக்கத்துக்காரர். ஞாயிறு மதியம் மெஷின்கள் நின்றதும் நாங்கள் ஐந்து பேர் அவருடைய மேசையைச் சுற்றி உட்கார்ந்து விண்வெளிக் கதைகளையும் மாயாஜாலக் கதைகளையும் பற்றிப் பேசுவோம். புத்தகம் ஒன்று, படிப்பவர்கள் ஐந்து. அதற்கு மாஸ்டர் தொழில் வழியிலேயே ஒரு வழி கண்டார். தடித்த புத்தகத்தின் முதுகைப் பிளேடால் கீறி ஏழு பங்காக்கி, ஒவ்வொன்றையும் பனியன் நாடாவால் கட்டி, வெட்டிய துணிக்கு ஒட்டுவது போலவே நம்பர் சீட்டு ஒட்டிவிடுவார். முதல் பண்டிலை முடித்தவர் அடுத்தவரிடம் தள்ள வேண்டும். முதல் தடவை எனக்கு மனம் பதறியது. “படிக்காம பூட்டி வைக்கதுதாம்மா பாவம்,” என்றார்.

அந்த மாதக் கதையில் ஒரு கப்பல் மூன்று தலைமுறையாக வானத்தில் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் ஒரு புது மண்ணில் இறங்குகிறது. கதவைத் திறப்பதா வேண்டாமா என்ற இடத்தில் ஐந்தாம் பண்டில் முடிந்திருந்தது. ஆறாவதைத் தேடினால் காணோம். சனிக்கிழமை வேனில் வெட்டிய துணிப் பண்டில்களோடு சேர்ந்து அதுவும் தையலுக்குப் போய்விட்டது.

“நம்ம கப்பல் பல்லடம் யூனிட்டுக்குப் போயிட்டு. திங்கக்கெழம வந்துரும்,” என்று மாஸ்டர் சிரித்தார்.

“திங்கக்கெழம வரைக்குமாங்க?” என்றாள் பெஞ்சிலிருந்து என் மகள். பன்னிரண்டு வயது. எங்கள் எல்லோரையும்விட வேகமாகப் படிப்பவள். அவள் பக்கம் திரும்பாமலே நான் மாஸ்டரோடு மும்முரமாக வாதாடிக்கொண்டிருந்தேன், கதவைத் திறக்கக் கூடாது என்று.

“வெளிய என்ன காத்து அடிக்குதுன்னே தெரியாம புள்ளைங்கள எப்படீங்க எறக்கி விடறது?”

“தொறக்கவே மாட்டேன்னா அது கப்பலாம்மா? பூட்டுன பெட்டில்லா?”

பெஞ்ச் காலியாக இருந்ததைப் பார்த்ததும் கேட்டுக்கு ஓடினேன். வாட்ச்மேன், “பாப்பா பல்லடம் பஸ்ஸு எங்க நிக்கும்னு கேட்டுச்சுங்க,” என்றார். யூனிட்டுக்குப் போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சரக்கு அவசரத்துக்கு அங்கே ஞாயிறும் மெஷின் ஓடும், ஆனால் ஆபீஸ் அறை பூட்டியிருக்கும். “நீங்க இங்கனயே நில்லுங்க. பிள்ள வந்தா யாராவது இருக்கணும்,” என்று சொல்லிவிட்டு மாஸ்டர் டிவிஎஸ்ஸில் கிளம்பினார். ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்த தனியார் பஸ்களின் ஒவ்வொரு ஜன்னலையும் பார்த்தபடி நின்றேன். மேசையில் நான் பேசிய பேச்சே திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

இன்று என் மகள் வேலை பார்ப்பது கடல் கடந்த ஊரில். விமான நிலையம் வரை கூடப் போய்க் கையசைத்து அனுப்பியவள் நான்தான். ஆனாலும் இரண்டு தடவை போன் எடுக்காவிட்டால் என் கண் கடிகாரத்துக்குப் போய்விடுகிறது. அந்த ஆறாம் பண்டில் என் அலமாரியில் இருக்கிறது. ஓரங்களில் மெஷின் எண்ணெய் படிந்த விரல் தடங்கள். எங்கள் ஐவரில் யாருடையவையும் அல்ல.

அன்று ஆறரைக்கு மேல் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. பின்னால் மாஸ்டரின் டிவிஎஸ். ஸ்கூட்டியை ஓட்டி வந்த பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை; பல்லடம் யூனிட்டின் சூப்பர்வைசராம். தலையெல்லாம் நூல் பிசிறு. அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு, பண்டிலை நெஞ்சோடு அணைத்தபடி என் மகள். அடிப்பதா அணைப்பதா என்று தெரியாமல் நான் கை ஓங்கியபோது அந்தப் பெண் குறுக்கே வந்தாள்.

“புள்ளைய வையாதீங்க்கா. நேத்து பண்டில் பிரிக்கறப்ப இது வந்துச்சுங்க. சோத்து நேரத்துல ஒருத்தி படிக்க, எட்டுப் பேரு கேட்டு முடிச்சுட்டமுங்க. ஏழாம் நம்பரு உங்ககிட்டங்களா? அவங்க கதவத் தொறந்தாங்களா, இல்லீங்களா?”