நாலாம் நாள் முட்டை

என் மாமியார் சண்டைக் கோழி ஒன்று வளர்த்தார். திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மாடியில், தண்ணீர் டேங்குக்குக் கீழே, பழைய மீன்கூடையில் மணல் கொட்டி ஒன்பது முட்டைகளை அடை வைத்தார். இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்று மணலுக்குள் ஒரு கரித்துண்டும் துருப்பிடித்த ஆணியும் புதைத்தார். நான் விலங்கியல் படித்தவள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கல்லூரியில் கோழிக்கரு பார்த்திருக்கிறேன். முப்பத்து மூன்று மணி நேரம், நாற்பத்தெட்டு மணி நேரம் என்று பெயர் ஒட்டிய கண்ணாடித் தகடுகளில், சாயம் ஏற்றிய செத்த கருக்கள். துடிக்கும் கருவைப் பார்த்ததில்லை. நாலாம் நாள் மதியம் கோழி இரை தின்ன இறங்கிய நேரத்தில் ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு, மகளோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அவளுக்கு அப்போது மூன்றரை வயது. செல்போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்தேன். ஓடு முழுக்கச் செக்கச் செவேலென்று ஒளிர்ந்தது. உள்ளே ஒரு புள்ளி, அதைச் சுற்றிச் சிலந்திக் கால்கள் மாதிரி ரத்த நரம்புகள். புள்ளி துள்ளிக்கொண்டிருந்தது.

“பாப்பாவா?” என்றாள் மகள்.

“பாப்பாதான். நெஞ்சு அடிக்குது பாரு.”

வெளியே வந்தால் மாமியார் நிற்கிறார். “இன்னாமா, பாத்ரூம்ல ஸ்கேன் சென்டர் தொறந்துட்டியா? கொண்டு போய் வெச்சிடு. அடையில கீற கோழி வளத்தவளையே கொத்தும். கொயந்தைய அந்தாண்ட வுடாத.”

“சரி அத்தை” என்றேன். தனியாகப் போகக் கூடாது என்று மகளிடம் சொன்னேனா? சொன்னதாகத்தான் ஞாபகம். சொல்ல நினைத்ததுதான் அப்படி ஞாபகமாகிவிட்டதோ என்னவோ.

மறுநாள் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தபோது மாடியில் அலறல். ஓடினேன். என் போன் டார்ச் எரிந்தபடி தரையில் கிடந்தது. கோழி மகளின் முகத்தில் இருந்தது. நகங்கள் அவள் முடிக்குள் இறங்கியிருந்தன, அலகு ஓங்கி ஓங்கி இறங்கியது. பிடித்து இழுத்தேன். கொத்து முடியோடு வந்தது. என் முழங்கையைக் கிழித்துவிட்டு மறுபடி அவள்மேல் பாய்ந்தது. உதைத்தேன். மகளின் இடது கண் இருந்த இடத்தில் ரத்தம் மட்டும்தான் தெரிந்தது. துடைக்கத் துடைக்க நிரம்பியது. உள்ளே கண் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் என் கணவர், ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவர், மாமியாருக்கு முன்னால் படியேறி வந்தார். கோழியின் கால்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினார்.

“யாரு கொயந்தைய இதுங்கிட்ட வுட்டது?”

நான் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். மாமியார் என்னைப் பார்த்தார். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை.

கணவர் கோழியைச் சுவரில் அடித்தார். மூன்றாவது அடியில் சத்தம் மாறியது, ஈரத் துணியைத் துவைப்பது போல. கழுத்து தொங்கிய பிறகும் நிறுத்தவில்லை. அதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கூடையை எட்டி உதைத்தார். முட்டைகள் தரையில் சிதறி உடைந்தன.

இதை எழுதவே கூசுகிறது. இடுப்பில் குழந்தை ரத்தம் ஒழுகக் கதறுகிறது, நான் கீழே பார்த்தேன். ஒரு மஞ்சள் கரு உடையாமல் வெயிலில் கிடந்தது. அதன் மேல் ரத்த நரம்புகள், நடுவில் அந்தப் புள்ளி. அடித்துக்கொண்டிருந்தது. ஆறேழு துடிப்பு எண்ணிவிட்டுத்தான் படியிறங்கினேன்.

ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். கன்டெய்னர் லாரிகள் வழிவிடவில்லை. வழியெல்லாம் அவர் தன் அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தார். “கண்ணு போச்சுன்னா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன். வூட்ட வுட்டுப் போய்டு. பேத்திய வுட உனுக்குக் கோழி பெருசா?” மாமியார் முந்தானையைக் குழந்தையின் முகத்தில் அழுத்திப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கண் பிழைத்துவிட்டால் சொல்லிவிடுகிறேன் என்று நான் மனதுக்குள் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கழுவிப் பார்த்தார். இமைக்குக் கீழே ஆழமாகக் கிழிந்திருந்தது. கண் தப்பிவிட்டது. ஐந்து தையல். மூன்று பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. காலைப் பிடித்தது நான்.

வராந்தாவில் சொன்னேன். “நேத்து நான்தாங்க டார்ச் அடிச்சு முட்டைய காட்டினேன். அத பாக்கத்தான் போயிருக்கா.”

அவர் என்னை அடிக்கக் கையை ஓங்கினார். விரலிடுக்கில் கோழி ரத்தம் காய்ந்து ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது. அதை அவரும் பார்த்தார். கையைத் திருப்பிச் சுவரில் குத்தினார், முட்டி கிழியும்படி.

மாமியார் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். “மாடியிலயே சொல்லிருந்தா, கோழியாவது பொழச்சிருக்கும்” என்றார். குழந்தையை வாங்கக் கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.